கொலாஜன் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என் மேசைமேல் இரண்டு பொடி டப்பாக்கள் இருக்கின்றன. இரண்டும் என் அக்கா வாங்கியவை. ஒன்றின் மூலையில் அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம், மற்றொன்றில் சைவத்துக்கான பச்சை வட்டம். இரண்டின் முகப்பிலும் 'கொலாஜன்' என்ற சொல் கட்டைவிரல் அகலத்துக்கு ஓடுகிறது. தோலிலும் எலும்பிலும் உள்ள ஒரு புரதத்தின் பெயர் அது. முதல் டப்பாவில் இருந்தது, இந்த ஜென்மத்தில் தொடமாட்டேன் என்று அக்கா விட்டுவிட்ட பொருள். இரண்டாவதில் கொலாஜனே கிடையாது. இரண்டிலும் உங்கள் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கின்றன. அதனால்தான் கடைக்காரரையோ கம்பெனியையோ கேட்காமல் உங்களைக் கேட்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வேலூரில் 31 வருடம் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். பிறந்து வளர்ந்தது வாணியம்பாடி. அப்பாவுக்கு டேனரியில் வேலை. தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, மயிரைச் சுரண்டி, உள்பக்கத்து ஜவ்வை வழித்து எடுத்தபின் வெள்ளையாக, வழவழவென்று ஒன்று மிஞ்சும். அது ஏறக்குறைய முழுக்கக் கொலாஜன்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட தண்ணீரில் அதை ஊறவைத்தால், பட்டையிலுள்ள துவர்ப்பு கொலாஜன் இழைகளைப் பிடித்துக் கட்டிவிடும். அதற்கப்புறம் தோல் அழுகாது. அப்பாவுக்குக் கொலாஜன் என்ற பெயர் தெரியாது. ஆனால் அதைக் கையால் தடவிப் பார்த்தே பக்குவம் சொல்வார். அவர் சட்டையிலிருந்து வந்த அந்த வாடை பிடிக்காமல்தான் அக்கா பதினைந்து வயதில் கறியை விட்டாள். பிறகு வள்ளலார் வழிக்கு வந்து, கொல்லாமையை ஒரு விரதம்போல நாற்பது வருடத்துக்கு மேல் காத்துவருகிறாள்.

போன வருடம் அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தேய்மானம் என்றார்கள். மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்கப் போனவளிடம், "ஜவ்வு தேய்ஞ்சிருக்குன்னா இத சாப்பிடுங்கம்மா, திரும்ப வளரும்" என்று ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். விலை 1,450 ரூபாய். மாதம் ஒன்று. வெனிலா வாசனையோடு இருந்ததால் பாலில் கலந்து நான்கு மாதம் குடித்திருக்கிறாள்.

நான் ஊருக்குப் போயிருந்த அன்று காலையில், டம்ளரில் ஸ்பூனைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். டப்பாவை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம், பார்கோடுக்குப் பக்கத்தில், அரிசிமணி அளவுக்குக்கூட இல்லாத எழுத்தில் மீன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பழுப்பு முக்கோணம் அதைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

"அக்கா, இது மீனுக்கா."

"முன்னாடி மரைன்னு போட்டிருக்கேடி. மரைன்னா கடல்தானே? கடல்பாசின்னுல்ல நெனச்சேன்."

டம்ளரை மேடையில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். குழாயடியில் வாய் கொப்பளிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று மதியம் சாப்பிடவும் இல்லை.

சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். முக்கோணம் இருக்கிறது, மீன் என்ற அறிவிப்பு இருக்கிறது, ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் போதும் என்று விதி இருக்கிறது. பழுப்பு வட்டமாக இருந்த அசைவக் குறியை முக்கோணமாக மாற்றியதும் நீங்கள்தான், அது நல்ல மாற்றம். ஆனால் பள்ளியில் தமிழ் மட்டுமே படித்த 63 வயதுப் பெண்ணுக்கு அந்த டப்பா எதையுமே சொல்லவில்லை. சட்டப்படி சரியாக இருந்தும் அவள் நாற்பது வருட விரதம் போயிற்று.

கொலாஜனைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் என் மீதிக் குறைகள் விளங்கும். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, ரத்தக்குழாயின் சுவர், கண்ணின் கருவிழி எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன. இதுவரை 28 வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். எலும்பிலும் தோலிலும் முதல் வகை அதிகம், மூட்டுக் குருத்தெலும்பில் இரண்டாம் வகை. எலும்பென்றால் சுண்ணாம்பு என்றே நாம் நினைக்கிறோம். கோழி எலும்பை வினிகரில் நாலைந்து நாள் ஊறவைத்துப் பாருங்கள்: சுண்ணாம்பு கரைந்துபோய், மிச்சம் ரப்பர்போல வளையும். அந்த வளையும் மிச்சம்தான் கொலாஜன். என் மாணவிகளுக்கு வருடாவருடம் இதைச் செய்துகாட்டுவேன். அந்த எலும்பில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டும்போது வகுப்பு முழுக்க எழுந்து நின்றுவிடும்.

இதன் வடிவத்தைக் கண்டு சொன்னது நம் சென்னை. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குப் பேராசிரியராக வந்தபோது ஜி. என். ராமச்சந்திரனுக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அவரும் கோபிநாத் கர்தாவும், கொலாஜன் என்பது மூன்று சங்கிலிகள் சேர்ந்தது என்று 1954-இலும், அவை ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு என்று 1955-இலும் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார்கள். கயிறு திரிப்பவர்கள் மூன்று புரியை முறுக்குவதுபோலத்தான். அமினோ அமிலங்களைக் கோத்தால் வருவதுதான் சங்கிலி. அதில் மூன்றாவது மூன்றாவது இடத்திலெல்லாம் கிளைசின் என்ற மிகச்சிறிய அமினோ அமிலம்தான் உட்கார முடியும். கயிற்றின் நடுவில் வேறெதற்கும் இடமில்லை. ஒரே ஒரு கிளைசினுக்குப் பதில் வேறொன்று வந்துவிட்டால்கூட, தும்மினால் எலும்பு முறியும் குழந்தை பிறக்கலாம். அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்குக்கு இந்த முப்புரிச் சுருளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மாணவிகளை அங்கே அழைத்துப்போகும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் ஞாபகம் வரும்.

இந்தக் கயிற்றை உடம்பு தானே திரிக்கிறது. அதற்குத் தயாராகத் திரித்த கயிறு தேவையில்லை. அமினோ அமிலங்கள் வேண்டும், இரும்புச்சத்து வேண்டும், முக்கியமாக வைட்டமின் சி வேண்டும். சங்கிலியிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்தால்தான் முறுக்கு உடம்புச் சூட்டில் பிரியாமல் நிற்கும். அந்த வேலையைச் செய்யும் நொதி வைட்டமின் சி இல்லாமல் ஓடாது. கப்பலில் மாதக்கணக்கில் காய்கனி இல்லாமல் போனவர்களுக்கு ஈறு கரைந்ததும், ஆறிப்போன பழைய தழும்புகள் திரும்பப் பிளந்ததும் அதனால்தான். 1747-இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அப்படிப்பட்ட இருவரைத் தேற்றியபோது கொலாஜனின் முறுக்கைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரியாது.

இப்போது விளம்பரத்துக்கு வருகிறேன். கொலாஜனைத் தின்றால் அது நேரே போய் முழங்காலில் உட்காரும் என்ற நம்பிக்கையை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. வயிற்றுக்குப் போகும் எந்தப் புரதமும் துண்டு துண்டாகத்தான் ரத்தத்துக்குப் போகும். கொலாஜனும் அப்படியே. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: எல்லாத் துண்டும் தனித்தனி அமினோ அமிலமாகிவிடுவதில்லை. புரோலினும், ஆக்சிஜன் சேர்ந்த புரோலினான ஹைட்ராக்சிபுரோலினும் சேர்ந்த சிறு இணைகள் ரத்தத்தில் சிறிது நேரம் தென்படுகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை அளந்திருக்கிறார்கள். அந்த இணைகள் தோல் செல்களைத் தூண்டிவிடக்கூடும் என்பது சும்மா தள்ளிவிடக்கூடிய யோசனை இல்லை. ஆகவே கொலாஜன் பொடி மொத்தமும் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் யோசனை வேறு, நிரூபணம் வேறு. 2025-இல் தோல் முதுமை பற்றிய 23 சோதனைகளை, 1,474 பேரின் முடிவுகளை, தென்கொரிய ஆய்வாளர்கள் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். மொத்தமாகக் கூட்டினால் தோலின் ஈரமும் நெகிழ்வும் கூடியதாகவும் சுருக்கம் குறைந்ததாகவும் வந்தது. கம்பெனிப் பணம் வாங்காத சோதனைகளை மட்டும் பிரித்து வைத்தபோது அந்தப் பலன் காணாமல்போனது. தரமான சோதனைகளை மட்டும் பிரித்தபோதும் அப்படித்தான். ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மூட்டுக்கு நல்லது என்ற உரிமைகோரலை 2011-இலும், குறிப்பிட்ட ஒரு கொலாஜன் பெப்டைடு, அதாவது கொலாஜன் துண்டு, தோலின் நெகிழ்வைக் கூட்டும் என்ற உரிமைகோரலை 2013-இலும் ஆராய்ந்து, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. உங்களைப் போன்ற ஒரு ஆணையம்தான் அது.

கடையில் ஜவ்வு என்று சொன்ன குருத்தெலும்பைப் பற்றி இன்னும் ஒன்று. நெதர்லாந்தில் 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தோலிலுள்ள கொலாஜனில் பாதி மாறுவதற்குச் சுமார் 15 வருடமும், மூட்டுக் குருத்தெலும்பில் பாதி மாறுவதற்குச் சுமார் 117 வருடமும் ஆகும் என்று கணக்கிட்டது. ஒரு மனிதர் பிறந்து வளர்ந்து மூப்படைந்து இறந்துபோகும் காலம் முழுவதும் ஏறக்குறைய அதே கயிறுதான். அதை நான்கு மாதத்தில் "திரும்ப வளரும்" என்று கடை மேசையில் சொல்லி விற்கிறார்கள். அதே டப்பாவின் பின்பக்கத்தில், உங்கள் விதிப்படி, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கிறது. விற்பவர் வாயால் சொல்வது மருந்து, டப்பா சொல்வது உணவு. வாங்கும் பெண்ணுக்குக் காதில் விழுவது முதலாவது மட்டும்.

அக்கா இரண்டாவது டப்பாவை வாங்கியதும் இந்த வேதனையிலிருந்துதான். மீன் என்று தெரிந்த மறுவாரமே, சைவக் கொலாஜன் கிடைக்கிறது என்று யாரோ சொல்லி, பச்சை வட்டம் போட்ட டப்பாவை வாங்கிவந்துவிட்டாள். என்னிடம் போனில் சொன்னபோது குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

செடி கொடிகள் கொலாஜனை உண்டாக்குவதில்லை. அது விலங்குகளின் உடம்பில் மட்டுமே உள்ள பொருள். பச்சைக் குறியோடு விற்கும் 'கொலாஜன்' பொடிகளில் இருப்பது நெல்லிச் சாறு, சில அமினோ அமிலங்கள், பயோட்டின் என்ற வைட்டமினுக்காக அகத்தி இலைச் சாறு, இப்படி. அக்கா வாங்கிய டப்பாவில் 'கொலாஜன்' என்பதற்குக் கீழே 'பில்டர்' என்று சிறிதாக இருக்கிறது. கொலாஜனைக் கட்டுவதற்குத் துணை செய்யும் என்பது பொருளாம். அகத்திக்கீரை அவள் கொல்லையிலேயே தழைத்துக்கிடக்கிறது. துவாதசியன்று அவளே பறித்து எனக்கும் சமைத்துப்போடுவாள். நெல்லிக்காய் 100 கிராமில் வைட்டமின் சி சுமார் 250 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு சொல்லும் அளவு 65 மில்லிகிராம். கொய்யாவும் அதற்கு இளைத்ததில்லை. கொல்லையில் இருப்பதை மூடிபோட்டு, அதில் இல்லாத ஒன்றின் பெயரை முகப்பில் எழுதி, ஆயிரம் ரூபாய்க்கு விற்க முடிகிறது. பெயரளவில் அது பொய்யில்லை என்று சொல்ல இடம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பொய்தான்.

பொடியைப் புரதம் என்று நம்பிச் சாப்பிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரிப்டோபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் கொலாஜனில் சுத்தமாக இல்லை. புரதத்தின் தரத்தை அளக்கும் வழக்கமான மதிப்பெண்ணில் அதற்குக் கிடைப்பது பூஜ்யம். ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், சைவர்களுக்குப் பாசிப்பயறும் தயிரும், இதைவிட நல்ல புரதம். என் பக்கத்து வீட்டில் வயதானவருக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிறார்கள். மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் அல்வாபோல உறைந்திருக்கும். அந்த உறைவுதான் கொதித்துப் பிரிந்த கொலாஜன். சூடாக, மிளகு போட்டுக் குடித்தால் உடம்புக்கு இதமாக இருக்கிறது என்று அவர் சொல்கிறார். அதை நான் மறுக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் அதைக் காட்டி ஜவ்வு வளரும் என்று பணம் வாங்குவதில்லை.

சிறுநீரகத்தில் கல் வந்தவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கொலாஜனிலுள்ள ஹைட்ராக்சிபுரோலின் உடம்பில் உடையும்போது அதில் ஒரு பகுதி, கல்லை உண்டாக்கும் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் வருகிறது. நம் ஊரில் கல்லடைப்பு இல்லாத தெருவைக் காட்டுவது கஷ்டம். தினம் பத்து, இருபது கிராம் என்று மாதக்கணக்கில் குடிக்கும் ஒருவருக்கு முன்பு கல் வந்திருந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று என் கையிலுள்ள டப்பா சொல்லவில்லை. சிறுநீரகம் பழுதாகி, புரதத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் எச்சரிக்கை இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை பெரியவை அல்ல. எந்த விலங்கு என்பதை, மாடா, பன்றியா, மீனா, கோழியா என்பதை, டப்பாவின் முகப்பில், 'கொலாஜன்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே, அதில் பாதி அளவு எழுத்திலாவது போடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் விற்றால் அந்த ஒரு வரியைத் தமிழில் போடச் சொல்லுங்கள். மாட்டை விலக்குபவர்கள் இருக்கிறார்கள், பன்றியை விலக்குபவர்கள் இருக்கிறார்கள், மீன் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழுப்பு முக்கோணம் ஒன்றே இத்தனை பேருக்கும் பதில் சொல்லாது. கொலாஜன் இல்லாத பொருளின் முகப்பில் கொலாஜன் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போடுவதைத் தடுத்துவிடுங்கள். வேண்டுமானால் 'இதில் கொலாஜன் இல்லை' என்று அதே அளவில் போடட்டும். உரிமைகோரல்களுக்கு 2018-இலேயே விதிமுறை கொண்டுவந்திருக்கிறீர்கள். மூட்டு, சுருக்கம், முடி என்று அச்சிடும் ஒவ்வொரு கம்பெனியிடமும், தன் பணத்தில் நடக்காத ஒரு சோதனையையாவது காட்டு என்று அந்த விதிமுறையை வைத்துக் கேளுங்கள்.

உங்கள் முத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கா என்னிடம் கேட்டாள், "கவர்மெண்டு முத்திரை இருக்கேடி, அப்பறம் எப்படி?" என்று. அந்த எண் கம்பெனிக்குக் கொடுத்த உரிமம் மட்டும்தான், பொடி வேலை செய்யும் என்பதற்கான சான்று அல்ல என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. அவளைப் போன்றவர்கள் முத்திரையைச் சான்றாகத்தான் படிக்கிறார்கள். அப்படிப் படிப்பது அவர்கள் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது அக்கா வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போகிறாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, தொடைத்தசையை இறுக்கி, பத்து எண்ணி விடுகிறாள். எடையும் நான்கு கிலோ குறைந்திருக்கிறது. வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் மாடிப்படி ஏற முடிகிறது. பொடி குடித்த மாதங்களுக்காக ஏதோ ஒரு கணக்கு வைத்து, அத்தனை வியாழக்கிழமையும் வடலூருக்குப் போய்வருகிறாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

பச்சை வட்ட டப்பாவின் சீல் உடைக்கவில்லை. பழுப்பு முக்கோண டப்பாவில் கால்வாசி மிச்சமிருக்கிறது, ரசீதுகளும் இருக்கின்றன. உங்கள் அதிகாரி யாரேனும் கேட்டால் இரண்டையும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை,
வேலூர்